ஜன்னலுக்குக் கீழே பியோனி

பெர்ஷினே,
3 செப்டம்பர் 1995

அன்புள்ள லியூதா,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பூங்காவில் மண்டி போட்டு வேலை செய்யாதே, ஆள் வைத்துச் செய் என்றால் நீ கேட்கப்போவதில்லை. இருந்தாலும் அக்காவாகப் பிறந்த கடமைக்குச் சொல்லி வைக்கிறேன்.

நாற்பத்தாறு வயதில் புதுப்பெண்ணாக ஒரு கிராமத்துக்குள் நுழைவது எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். எல்லோரும் நன்றாகத்தான் பேசுகிறார்கள். பேசிக்கொண்டே தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை. ஸெனோனாஸ் தங்கமான மனிதர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிறார், அதுதான் ஒரே குறை.

விஷயத்துக்கு வருகிறேன். அவர் மகள் வில்மாவுக்கு வரும் ஜூனில் கல்யாணம். வில்னியுஸில் படிக்கிறாள், பையன் கூடப் படிப்பவன். கல்யாணத்தைப் பானெவேஜிஸில் தன் பெரியம்மா வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்கிறாள். இவர் அதற்கும் "சரி" என்றார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பிறந்த வீடு இருக்க, அப்பா இருக்க, நான் வந்த காரணத்தால் அவள் வேறொரு வாசலிலிருந்து மணப்பெண்ணாகப் புறப்பட்டால் நான் இந்த ஊரில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன்? ஊரை விடு. இவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? அவள் இந்த வாசலிலிருந்துதான் புறப்பட வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அவளிடம் போய்க் கெஞ்ச எனக்கு வராது. தோட்டத்தைச் சரிசெய்ய வரும். வில்மாவின் அம்மா வலேரியா போய் மூன்று வருஷமாக வீட்டு முன்பக்கத்தை யாரும் தொடவில்லை. சிவப்பு டாலியா, ஆரஞ்சில் துலுக்கச் சாமந்தி, கிணற்றைச் சுற்றி ஏதோ ஊதா, சமையலறை ஜன்னலுக்குக் கீழே பீட்ரூட் நிறத்தில் வரிசையாகப் பியோனிப் புதர்கள். ஒவ்வொன்றும் தன் பாட்டுக்குக் கத்துகிறது. நீ கௌனாஸ் நகரத்துக்கே பூப்பாத்தி போடுகிறவள். அக்காவுக்கு ஒரு வரைபடம் போட்டுத் தரமாட்டாயா? நடந்து அளந்து நானே ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறேன். சிரிக்காதே. அந்த வட்டம் கிணறு, பசு இல்லை.

உன் எமிலியா

*

கௌனாஸ்,
12 செப்டம்பர் 1995

அன்புள்ள அக்கா,

முழங்கால் இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கிறது. அத்தானுக்கு என் வணக்கம். நலம் விசாரித்தாயிற்று, தோட்டத்துக்கு வா.

உன் படத்தை ஆபீஸ் முழுக்கக் காட்டிவிட்டேன். பசு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

பூ நிறைய இருந்தால் தோட்டம் ஆகிவிடாது. ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்கு ஜாடை இருக்கும் பார், மூக்கிலோ நடையிலோ? அந்த ஜாடை செடிகளுக்கும் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பேருந்து நிலையம்தான். ஆகவே நான் சொல்வதை அப்படியே செய். கூடக்குறைய உன் சொந்த மூளையைக் கலக்காதே.

நிறம் மூன்று போதும்: வெள்ளை, நீலம், இளமஞ்சள். வேலிக் கதவிலிருந்து வாசற்படி வரை பாதையின் இரு ஓரமும் இடைவெளி விடாமல் அருவதா நடு. அந்த நீலச் சாம்பல் இலைதான் எல்லாவற்றையும் கட்டிப்போடும் கயிறு. கல்யாணப் பெண்ணுக்குக் கிரீடம் கட்டவும் வெளியே தேடிப் போக வேண்டாம். கதவருகே ஒரு கொத்து வெள்ளை ஐரிஸ், கிணற்றருகே அதே, ஜன்னலுக்குக் கீழே அதே. ஒரே செடியை மூன்று இடத்தில் வைத்தால் கண் தானாக ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நடந்து போகும். அடுத்து, கதவு பச்சை, கிணற்று மூடி பழுப்பு, பெஞ்சு மஞ்சள் என்று படத்தில் குறித்திருக்கிறாய். கண்றாவி! மூன்றுக்கும் உங்கள் ஜன்னல் சட்டத்தின் நீலத்தையே அடி.

எடுக்க வேண்டியவை: டாலியா, துலுக்கச் சாமந்தி, பியோனி. முக்கியமாகப் பியோனி. அந்த நிறம் வேறு எங்குமே இல்லாமல் ஜன்னலுக்கடியில் மட்டும் நின்றால் வருகிறவன் பார்வை அங்கேயே முட்டிக்கொண்டு நின்றுவிடும். பியோனியைத் தோண்ட இதுதான் பருவம். தள்ளிப்போடாதே.

உன் லியூதா

*

பெர்ஷினே,
8 அக்டோபர் 1995

அன்புள்ள லியூதா,

இங்கே எல்லோரும் நலம். எனக்கு முதுகு மட்டும் இரண்டாகப் பிளந்திருக்கிறது, உன் புண்ணியம்.

நீ சொன்னபடியே செய்துவிட்டேன். அருவதா நட்டாயிற்று. ஐரிஸ் மூன்று இடத்திலும் வைத்தாயிற்று. டாலியாக் கிழங்கைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தேன். உன் வரைபடத்தைச் சமையலறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன், ஆபீஸ் முத்திரையோடு ரொம்ப கம்பீரமாக இருக்கிறது.

பியோனியும் போயிற்று. ஸெனோனாஸ்தான் தோண்டினார். "எல்லாத்தையுமா?" என்றார். "எல்லாத்தையும்" என்றேன். ஏதோ சொல்ல வந்தவர் போலிருந்தது. பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு தோண்ட ஆரம்பித்துவிட்டார். தெருவில் நாலு வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்தோம். பக்கத்து வீட்டு ப்ரோனே வாங்கும்போது, "நல்ல கிழங்காச்சே. யோசிச்சுத்தான் குடுக்கறியா?" என்று கேட்டாள். யோசித்தாயிற்று என்றேன். செடிக்கு நன்றி சொன்னால் பட்டுப்போகும் என்று அதற்கப்புறம் உதட்டை இறுக்கிக்கொண்டே வீட்டுக்குப் போனாள். ப்ரோனே இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததை ஊரே பார்த்ததில்லையாம்.

பெயின்ட் அடிக்க நீலம் கிடைக்கவில்லை. தேடுகிறேன்.

எமிலியா

*

கௌனாஸ்,
26 நவம்பர் 1995

அன்புள்ள அக்கா,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத்தான் எழுத வேண்டியிருக்கிறது, நீயாக எழுதுகிற பழக்கத்தை விட்டுவிட்டாய். போன கடிதத்துக்குப் பதில் இல்லை, நான் அனுப்பிய நீலப் பெயின்ட் வந்ததா என்றும் தெரியவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு வில்மா வந்திருப்பாளே? புதுப் பாத்தியைப் பார்த்து என்ன சொன்னாள்? குளிர்காலத்தில் தோட்டம் எலும்பாகத்தான் தெரியும். ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் எலும்பிலேயே அழகைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒரு வரியாவது எழுது.

லியூதா

*

பெர்ஷினே,
17 டிசம்பர் 1995

அன்புள்ள லியூதா,

பெயின்ட் வந்தது. நன்றாக இருக்கிறது. இத்துடன் கோயிலில் வாங்கிய கிறிஸ்துமஸ் அப்பத்தை வைத்திருக்கிறேன். என் பாதியை நான் உடைத்துக்கொண்டேன், உன் பாதி இது. தபாலில் நொறுங்கினாலும் தூளைத் தின்றுவிடு.

வில்மா வந்தாள். இரவு தங்கவில்லை, கல்லறையிலிருந்து அப்படியே பேருந்து ஏறிவிட்டாள். பரீட்சை நேரம். கிறிஸ்துமஸுக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போகிறாளாம். நாங்கள் இரண்டு பேருக்காக வழக்கப்படி பன்னிரண்டு பதார்த்தம் செய்ய வேண்டும். செத்தவர்களுக்கென்று வைக்கும் தட்டை வலேரியாவுக்காக ஜன்னல் பக்கம் வைக்கப்போகிறேன்.

பனி நிறைய விழுந்திருக்கிறது. தோட்டம் எதுவும் தெரியவில்லை. நல்லதுதான்.

எமிலியா

*

வில்னியுஸ்,
14 ஜனவரி 1996

மதிப்பிற்குரிய லியூதா அவர்களுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் முகவரி எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்தது. அந்தத் தாளில்தான் "பியோனி: அகற்றவும்" என்றும் இருந்தது.

ஜன்னலுக்குக் கீழே நின்றவை என் அம்மாவின் செடிகள். ஜூன் பிறந்தால் அம்மா வாளியோடு வெளியே போய்க் கடைசிப் பூ வரை வெட்டிக்கொண்டு வருவாள். அலமாரி மேல், ரேடியோ மேல், என் கட்டிலருகில் என்று வீடு முழுக்க வைப்பாள். பியோனி வாசனை என்றால் எனக்கு அம்மாதான். கல்லறைக்குப் போகும் நாளில் வீட்டுக்கு வந்து பார்த்தால், அந்த இடத்தில் கிளறிய மண்.

நீங்கள் பெரிய நிபுணர் என்று அப்பாவின் மனைவி சொன்னார். உங்கள் நிறக் கணக்கு சரியாகவே இருக்கலாம். என் கல்யாணம் பெரியம்மா வீட்டில்தான். இதை நீங்களே உங்கள் அக்காவிடம் சொல்லிவிடுங்கள்.

வில்மா

*

கௌனாஸ்,
20 ஜனவரி 1996

அக்கா,

உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் கேட்கப்போவதில்லை. வில்மாவின் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். படி.

படித்தாயா? அது அவள் அம்மா வைத்த செடி என்று ஏனடி எனக்குச் சொல்லவில்லை? "பீட்ரூட் நிறத்தில் வரிசையாக" என்று மட்டும் எழுதினாய். நிறத்தைச் சொல்ல வாய் வந்தது, யாருடையது என்று சொல்ல வரவில்லையா? சொல்லியிருந்தால் அதைத் தொடாமல் தோட்டம் போட எனக்குத் தெரியாதா? என் பெயர் போட்ட தாளை அந்தப் பெண் தன் அம்மாவின் சமையலறையில் நின்று படித்திருக்கிறாள்! வெட்கமாக இருக்கிறது. உன்மேல் கோபமாகவும் இருக்கிறது.

பதில் எழுது. பனி, பெயின்ட் என்று எழுதாதே.

லியூதா

*

பெர்ஷினே,
25 பிப்ரவரி 1996

அன்புள்ள லியூதா,

நலம். எழுத நாளாகிவிட்டது. எழுதி எழுதி அடுப்பில் போட்டேன்.

எனக்குத் தெரியும். வந்த முதல் வாரமே ப்ரோனே சொல்லிவிட்டாள், "வலேரியா ஜூன் மாசம் முழுக்க இதை வெட்டிக்கிட்டே இருப்பா" என்று. ஊரில் எல்லோரும் அதை வலேரியாவின் பியோனி என்றுதான் சொன்னார்கள். நான் அவள் அடுப்பில் சமைக்கிறேன், அவள் திரைச்சீலையைத் துவைத்து மாட்டுகிறேன். சமையலறையில் நின்று நிமிர்ந்தால் அந்தப் புதர். ஒரே ஒரு ஜன்னலாவது எனக்கென்று இருக்கட்டுமே என்று தோன்றியது. உன்னிடம் சொன்னால் தொடாதே என்பாய். அதனால் சொல்லவில்லை. உன் வரைபடத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அந்தப் பெண்ணை வீட்டுக்கு வரவழைக்கத் தோட்டம் போட்டேன், அந்தத் தோட்டத்தாலேயே விரட்டிவிட்டேன். இப்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல். நீ வைகிறதை அப்புறம் வாங்கிக்கொள்கிறேன்.

எமிலியா

*

கௌனாஸ்,
3 மார்ச் 1996

அன்புள்ள அக்கா,

நான் நலம், நீயும் நலமாகிவிடுவாய். வைதாயிற்று, இனி வேலை.

தவறு எனக்கும் உண்டு. பொருந்தாததைத் தூக்கி எறிவது சோம்பேறி வழி. அந்தப் பியோனி ஏன் முறைத்தது தெரியுமா? அந்த நிறத்தில் அதற்குச் சொந்தக்காரர் யாருமே தோட்டத்தில் இல்லை. அனாதையாக நின்றது. உறவு உண்டாக்கிக் கொடு, அடங்கிவிடும். இளமஞ்சளை மொத்தமாக எடுத்துவிடு. பியோனியை வரிசையாக வைக்காமல் கதவருகே, கிணற்றருகே, ஜன்னலுக்கடியில் என்று ஐரிஸோடு சேர்த்து மூன்று இடத்திலும் வை. அதன் காலடியில் அதே சிவப்பின் இளைய தங்கைகள்: ரோஸ் நிறக் கொலம்பைன், ஊதா சேஜ். அருவதா அப்படியே இருக்கட்டும், அது எல்லோருக்கும் ஒத்துப்போகும். புது வரைபடம் இணைத்திருக்கிறேன். எனக்கே பிடித்திருக்கிறது, பழையதைவிட இது நல்ல தோட்டம்.

வசந்தத்தில் பியோனியை நகர்த்துவது பாவம். இந்த வருஷம் பூக்காமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம். பரவாயில்லை, வேரோடு நிறைய மண் வைத்து எடு, மொட்டு முனையை ஆழப் புதைக்காதே. நாலு வீட்டிலும் போய்க் கேட்டு வாங்கு.

வில்மாவுக்கு நானும் எழுதிவிட்டேன். வரைந்த கை செய்த தவறு, மே மாதம் வந்து பார் என்று. பதில் இல்லை. வருவாள்.

லியூதா

*

பெர்ஷினே,
29 ஏப்ரல் 1996

அன்புள்ள லியூதா,

நலம், நலம். நேற்று நான் திருடினேன்.

ப்ரோனேயிடம் போய் நடந்ததையெல்லாம் சொல்லிக் கேட்டேன். "குடுத்த செடியைத் திருப்பி வாங்கறதா? ரெண்டு வீட்லயும் ஒண்ணும் விளங்காது. தர மாட்டேன், போ" என்றாள். என் முகத்தைப் பார்த்திருப்பாள். கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டே, யாரிடமோ பேசுவது போலச் சொன்னாள்: "திருடின செடிதான் நல்லாப் பிடிக்கும்பாங்க. ஞாயித்துக்கிழமை பூசைக்கு நாங்க எல்லாரும் போயிடுவோம். நாயைக் கட்டிப் போட்டுட்டுத்தான் போவேன், அது பாவம் யாரையாவது கடிச்சிடும். மத்த மூணு வீட்லயும் சொல்லி வைக்கறேன்."

கோயில் மணி அடித்ததும் நானும் ஸெனோனாஸும் தள்ளுவண்டியோடு புறப்பட்டோம். நான் வேலி ஓரமாகப் பதுங்கிப் போனேன், அவர் சீட்டி அடித்துக்கொண்டு வந்தார்! கடைசி வீட்டுக் கிழவர் யோனாஸ் பூசைக்குப் போகிறவரில்லை. அதை நாங்கள் மறந்துவிட்டோம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, "அடேய், மண்ணோட எடுடா, கிழங்கு உடையுது பார்! திருடக் கூடத் தெரியல!" என்று கத்தினார்.

பூசை முடிந்து ப்ரோனே எங்கள் கதவருகே வந்து நின்று தெருவே கேட்கும்படி, "ஐயையோ, களவு போச்சே! போலீஸுக்குச் சொல்லட்டுமா ஸெனோனாஸ்?" என்றாள். இவர் "சொல்லு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இந்த ஊருக்கு வந்து நான் மனசு விட்டுச் சிரித்தது நேற்றுதான்.

புது வரைபடப்படி நட்டுவிட்டேன். கதவு, கிணற்று மூடி இரண்டுக்கும் நீலம் அடித்தாயிற்று. பெஞ்சு மட்டும் பாக்கி. இனி அவள் வந்து பார்க்க வேண்டும். வருவாளா?

எமிலியா

*

பெர்ஷினே,
21 மே 1996

அன்புள்ள லியூதா சித்தி,

இப்படிக் கூப்பிடலாம்தானே? நீங்கள் நலமாக இருக்க வேண்டும், உங்கள் முழங்காலும். நான் வந்ததிலிருந்து இங்கே அதைப் பற்றித்தான் பேச்சு.

நேற்று வந்தேன். கோபத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன். கதவைத் திறந்ததும் காலடியில் பியோனி, மொட்டோடு. நிமிர்ந்தால் கிணற்றருகே இன்னொன்று, ஜன்னலுக்கடியில் இன்னொன்று, நடுவில் அருவதா. எங்கள் வீட்டு வாசல் இவ்வளவு நீளமா என்று நினைத்தேன். உங்கள் அக்கா கொலம்பைன் நட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, கையில் மண்ணோடு சொன்னார்: "தோண்டினது தப்பு வில்மா. உங்கம்மா வச்சதைத் தொட எனக்கு உரிமை இல்ல. தெரிஞ்சேதான் செஞ்சேன். திரும்ப வச்சிருக்கேன். நீ உள்ள வரலைன்னாலும் பரவால்ல, பாத்துட்டுப் போ."

நான் பதில் சொல்வதற்குள், பெஞ்சுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்கினார்.

"அவங்கம்மா வச்சதா? யார் சொன்னா? அது எங்கம்மா வச்சது."

நாங்கள் இருவரும் அவரைப் பார்த்தோம்.

"வலேரியாவுக்கு அதைக் கண்ணுல காட்டக் கூடாது. 'ஜன்னலுக்கடியில பீட்ரூட் சூப்பை எவ கொட்டினா?'ம்பா, வருஷா வருஷம். புடுங்கிப் போடுங்கம்பா. எங்கம்மா உசிரோட இருக்கையில அதைத் தொட முடியுமா? அதான் பூத்த உடனே ஒண்ணு விடாம வெட்டிடுவா."

"வீடு முழுக்க வைப்பாங்களேப்பா!" என்றேன்.

"வெட்டினதைத் தூக்கியா போட முடியும்? எங்கம்மா பாத்துக்கிட்டே இருக்குமே. எங்கம்மா செத்த குளிர்காலத்துலயே இவளும் நோயில படுத்துட்டா. புடுங்க நேரமே கிடைக்கல."

உங்கள் அக்கா அப்படியே ஈரப்புல்லில் உட்கார்ந்துவிட்டார். "அன்னிக்குத் தோண்டும்போது சொல்றதுக்கு என்ன?"

"எல்லாத்தையுமான்னு கேட்டேன். எல்லாத்தையும்னே. வலேரியாவும் அதையேதான் சொல்லுவா. சந்தோஷமாத் தோண்டினேன்."

"அப்ப திருடும்போது?"

"நீ ஆசைப்படறேன்னு நினைச்சேன்."

"ஏம்ப்பா, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றேன். "யாரும் கேக்கலியே" என்று பெஞ்சின் அடுத்த காலுக்குப் போய்விட்டார்.

முதலில் சிரித்தது உங்கள் அக்காதான். பிறகு நான். வயிறு வலிக்கச் சிரித்தோம், அப்புறம் எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவைப் பற்றி எனக்குத் தெரியாத புதுச் செய்தி இனி ஒன்றும் வராது என்று நினைத்திருந்தேன். நேற்று ஒன்று வந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு மாமியாருக்குத் தெரியாமல் பழிவாங்கப் போகிற அம்மா! எவ்வளவு நல்ல அம்மா அவள். அந்த இருபது வருஷ ஆசையை நிறைவேற்றியவர் என் வீட்டிலேயே இருந்தார், நான் அவரோடு டீ கூடக் குடிக்காமல் பஸ் ஏறினேன்.

உங்கள் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார். "அப்ப மறுபடியும் தோண்டிடட்டுமா?" வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ப்ரோனே அத்தை, "என் வீட்டுக்குக் கொண்டுவந்தீங்க, நாயை அவுத்து விடுவேன்!" என்று கத்தினார். நான் மண்வெட்டியைப் பிடுங்கி வைத்துவிட்டேன். இப்போது அது நின்ற இடத்தில் நன்றாகத்தான் இருக்கிறது சித்தி. அம்மாவே பார்த்தாலும் ஒரு நிமிஷம் யோசித்திருப்பாள்.

இரவு தங்கினேன். கல்யாணம் இந்த வீட்டில்தான். இதை உங்கள் அக்காவிடம் சொல்லிவிட்டேன், சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பாத்திரம் கழுவினார்.

இன்னொன்று சொல்லவில்லை. கோயிலிலிருந்து நாங்கள் திரும்பி வரும்போது ரொட்டியும் உப்பும் தட்டில் ஏந்தி வாசலில் நிற்க வேண்டியவள் பெண்ணின் அம்மா. பெரியம்மா அதற்கென்று தனி கவுனே தைத்து வைத்திருக்கிறார். இன்று தபாலாபீஸிலிருந்து போன் செய்து, "நீங்க விருந்தாளியா வந்து முதல் வரிசையில உக்காருங்க பெரியம்மா. வாசல்ல சின்னம்மா நிப்பாங்க" என்று சொல்லிவிட்டேன். உங்கள் அக்காவுக்கு, என் சின்னம்மாவுக்கு, இது இன்னும் தெரியாது. நீங்கள் முந்திக்கொண்டு எழுதிவிடாதீர்கள். இந்த வீட்டில் யாரும் கேட்காமல் யாரும் எதையும் சொல்வதில்லை. நான் கேட்காமலே சொல்லப்போகிறேன்.

உங்கள் வில்மா